விறைப்பாக நிற்காத மடிப்புகள்



அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குச் சென்னைவாசிகள் வைத்த பெயர் ஜி.பி. ரோடு. அங்குள்ள உதிரிபாகக் கடைகளில் வண்டிக்கு ஏர் ஃபில்டர் வாங்க வரும் மெக்கானிக், உறையைப் பிரித்ததும் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். தாளில் ஓட்டை உண்டா, ஓரத்துப் பசை விட்டிருக்கிறதா, மடிப்புகள் ஒரே சீராக நிற்கின்றனவா என்று ஒரு பார்வை. நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் கையில் இருப்பது ஓய்வில் இருக்கும் ஃபில்டர். எஞ்சின் காற்றை இழுக்கத் தொடங்கிய பிறகு அந்த மடிப்புகள் அதே வடிவத்தில் நிற்பதில்லை. அவை வளைகின்றன, சாய்கின்றன, சில வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இதற்குச் சாட்சி, கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரிலேயே இருக்கிறது. மடிப்புகள் ஒட்டிப்போகும் அளவுக்கு வளைந்த ஃபில்டர் ஒன்றைக் குப்பையில் போடுமுன் கத்தியால் ஓரத்தை அறுத்து, தாளை விரித்துப் பார்க்கலாம். தூசி பட்ட பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். பல மடிப்புகளில் அப்படித்தான் இருக்கும். இடையிடையே சில மடிப்புகளின் நடுவில் மட்டும், நீளவாக்கில் ஒரு வெளிறிய பட்டை தெரியும். அந்த இடத்தில் மறுபக்கத் தாள் பக்கத்து மடிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று அதன் வழியே போகவில்லை. போகாததால் தூசியும் படியவில்லை. வாங்கியபோது கணக்கில் இருந்த பரப்பு, வேலை நேரத்தில் கணக்கில் இல்லை.

இன்றைய பேச்சின் பொருள் இந்த வெளிறிய பட்டை. அது எங்கே, எந்த அழுத்தத்தில், எவ்வளவு அகலத்தில் தோன்றும் என்பதை ஃபில்டரைச் செய்வதற்கு முன்பே கணினியில் சொல்லிவிட முடியுமா? முடியும். அதற்குத் தாளின் வடிவத்தைக் கொடுக்கப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல், கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் அந்தக் கணக்கைப் போடுவதற்குச் சென்னையின் ஈரக் காற்றையும் உள்ளே சேர்த்தாக வேண்டும்.

முதலில், தாளை ஏன் மடிக்கிறார்கள் என்று பார்ப்போம். பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்ரி டார்சி, மணல் வழியே நீர் வடிவதை அளந்து 1856-ல் ஒரு விதியை எழுதினார். நுண்துளைப் பொருள் ஒன்றின் வழியே நீரோ காற்றோ எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அதே விகிதத்தில் அழுத்த இழப்பும் கூடும். அப்படியானால் பரப்பைக் கூட்டினால் போதும்: அதே அளவு காற்று மெதுவாகப் போகும், இழப்பு குறையும், தூசி தங்கவும் இடம் கிடைக்கும். பெட்டியைப் பெரிதாக்காமல் பரப்பைக் கூட்ட எளிய வழி மடிப்பு.

அறுவை அரங்குகளிலும், மருந்து ஆலைகளிலும், கல்பாக்கம் போன்ற அணுசக்தி வளாகங்களின் காற்றோட்ட அமைப்புகளிலும் இருக்கும் ஹெப்பா ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் அது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் வரையறை. வழக்கமான அளவு 610-க்கு 610 மில்லிமீட்டர், ஆழம் 292. முகப்பு அரைச் சதுர மீட்டர்கூட இல்லை, 0.37 தான். உள்ளே மடிந்து கிடக்கும் கண்ணாடியிழைத் தாளோ சுமார் 20 சதுர மீட்டர். மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அலையலையாக நெளித்த தகடுகளை நடுவில் செருகும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. மடிப்பு நகரும் என்பது அதைச் செய்தவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

மடிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், கூடாது. மடிப்புகள் நெருங்க நெருங்க அவற்றுக்கு இடையிலுள்ள சந்து குறுகும். இரண்டு சுவர்களுக்கு இடையே ஓடும் காற்றின் உராய்வு, சந்தின் அகலத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். சந்து பாதியானால் இழப்பு எட்டு மடங்கு. குறைவான மடிப்பில் தாளே தடையாக நிற்கும், மிகுதியான மடிப்பில் சந்து தடையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சிறந்த எண்ணிக்கை இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டா-ரென் சென், டேவிட் புய், பெஞ்சமின் லியூ ஆகியோர் இதை, இடத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டு 1995-ல் வெளியிட்டார்கள். தலைகீழ் வில்போல இறங்கி ஏறும் அந்த வளைகோடு இன்றும் ஃபில்டர் வடிவமைப்பாளர்களின் முதல் பாடம்.

அந்தக் கணக்கில் மடிப்புகள் அசையா. இரும்புத் தகடுபோல நின்ற இடத்தில் நிற்கும். முதல் பாடத்துக்கு அது போதுமானது, குறை சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பாடம் தாள் அசையும்போது தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். மடிப்பின் ஒரு சுவர் 50 மில்லிமீட்டர் ஆழம், தாளின் தடிமன் அரை மில்லிமீட்டர். பிசின் ஏற்றிய காகிதத்தின் மீள்தன்மை எண் 500 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளும் இறுகப் பிடித்த உத்தரத்துக்கான பழைய சூத்திரமே போதும். இருபுறமும் 250 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால், அதாவது வெறும் 25 மில்லிமீட்டர் உயர நீரின் எடை அளவுக்கு இருந்தால், சுவரின் நடுப்பகுதி ஏறக்குறைய 0.78 மில்லிமீட்டர் வளையும். அற்பம் என்று தோன்றும். ஆனால் காற்று வெளியேறும் பக்கத்துச் சந்தின் அகலமே 2 மில்லிமீட்டர்தான். அதன் இரு சுவர்களும் உள்நோக்கி வளைகின்றன. மிஞ்சுவது 0.44 மில்லிமீட்டர். மும்மடி விதியை வைத்தால், அந்தக் குறுகிய இடத்தில் உராய்வு 90 மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இதே சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது. வளைவு, சுவர் ஆழத்தின் நான்மடியாக ஏறும், தடிமனின் மும்மடியாக இறங்கும். ஆழத்தை 50-லிருந்து 25 மில்லிமீட்டராகக் குறைத்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆழத்தைக் குறைக்காமலே அந்தப் பலனைப் பெறும் உபாயம் ஒன்று உண்டு. மடிப்பின் நடுவில் ஒரு சொட்டு சூடான பசை வைத்துப் பக்கத்துச் சுவரைத் தாங்கச் செய்தால், 50 மில்லிமீட்டர் உத்தரம் இரண்டு 25 மில்லிமீட்டர் உத்தரங்களாகிவிடும். கடைகளில் விற்கும் நல்ல ஃபில்டர்களின் மடிப்புகளில் குறுக்காக ஓடும் பசைக் கோடுகளும், தாளில் குத்தி எழுப்பிய சிறு புடைப்புகளும் இதற்காகத்தான். பார்க்க அலங்காரம்போல இருக்கும் அந்தப் புடைப்பு இல்லாத மலிவு ஃபில்டர், தன் பரப்பில் ஒரு பகுதியை இழந்து ஓடக்கூடும்.

ஆனால் மேலே போட்ட கணக்கு பாதிக் கணக்குதான். முக்கியமான இடம் இதற்கு அடுத்தது.

சந்து நடுவில் குறுகிவிட்டது என்கிறோம். அப்படியானால், சந்தின் மூடிய முனைக்கு அருகே தாளைக் கடந்து வந்த காற்று, அந்தக் குறுகலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். போகச் சிரமப்படும். சிரமப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். உள்ளே ஏறிய அழுத்தம் சுவர்களை வெளியே தள்ளும். அதாவது, சுவரை வளைத்த அழுத்த வேறுபாடே சுவர் வளைந்ததால் குறைந்துவிடுகிறது. சுவர் 0.78 மில்லிமீட்டர் வளையும் என்ற விடை, வளையாத சுவருக்குப் போட்ட கணக்கு. உண்மையில் மூடிய முனைப் பக்கம் அவ்வளவு வளையாது. தடுக்கப்பட்ட காற்று, சந்தின் வெளியேறும் வாய்ப்பக்கத்துத் தாளைத் தேடிப் போகும். அங்கே வேகம் கூடும், இழப்பு கூடும், வளைவும் கூடும். ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு அந்த அழுத்தத்தைத் தாள் மேல் ஏற்றினால் ஓரிடத்தில் மிகையாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் விடை வரும். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்ற பொறியாளர் வழக்கமும் இங்கே உதவாது, எந்தத் திசையில் கூட்டுவது என்றே தெரியாது.

ஆகவே ஓட்டமும் வளைவும் சேர்ந்தே தீர்க்கப்பட வேண்டும். இந்த வகைக் கணக்குக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. இதயத்தின் வால்வு இரத்தத்தைத் தடுக்கிறது, இரத்தம் வால்வை அசைக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கணக்கிடும் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் சார்லஸ் பெஸ்கின் 1972-ல் வெளியிட்டார். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தானின் குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சாய்தட்டு இதய வால்வைத் தயாரித்து விற்றது சென்னையின் டி.டி.கே. குழுமம். அந்த வால்வின் தட்டு வளைவதில்லை, சாய்கிறது. ஃபில்டர் தாள் வளைவதோடு நுண்துளைகளும் கொண்டது. ஆகவே ஒரு வகையில் அந்தச் செயற்கை வால்வை விடவும் ஃபில்டரின் கணக்கு சிக்கலானது.

எப்படிப் போடுகிறார்கள்? முதலில் நேரான மடிப்புகளோடு ஓட்டத்தைத் தீர்ப்பார்கள். சந்துகளில், திறந்த வெளியில் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு, தாளுக்குள் டார்சி விதி. இரண்டையும் எல்லையில் தைத்து ஒட்டும் வேலையை எளிதாக்க, டச்சு இயற்பியலாளர் பிரிங்க்மன் 1940-களில் கொடுத்த சமன்பாடு பயன்படுகிறது. கிடைத்த அழுத்தத்தைத் தாள் மேல் ஏற்றி, தாளை மெல்லிய ஓடாகக் கருதி வளைவைக் கண்டுபிடிப்பார்கள். புதிய வடிவத்தில் ஓட்டத்தை மறுபடி தீர்ப்பார்கள். மறுபடி வளைவு. இப்படியே, இரண்டு சுற்றுகளுக்கு இடையே விடை மாறாத வரை.

சொல்ல எளிது, ஓடவிட்டால் முரண்டு பிடிக்கும். முதல் சுற்று, சுவர்கள் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டன என்று சொல்லும். இரண்டாம் சுற்று, சந்துக்குள் அழுத்தம் எகிறிவிட்டது, சுவர் திரும்பிப் போய்விட்டது என்று சொல்லும். மூன்றாம் சுற்றில் மறுபடி ஒட்டும். விடை இரண்டு பக்கமும் அலைந்துகொண்டே இருக்கும், நிற்காது. கணினி சொல்லும் நகர்வில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டு மெதுவாக நகர்வதே தீர்வு. எவ்வளவு பகுதி என்பதை ஒவ்வொரு சுற்றிலும் தானே திருத்திக்கொள்ளும் உத்தி ஒன்றும் கையில் இருக்கிறது. அலெக்சாண்டர் எய்ட்கன் என்ற கணிதவியலாளர், கணினிகள் பிறப்பதற்கு முன்பே, 1926-ல் வெளியிட்ட உத்தி அது. இன்றும் அவர் பெயரிலேயே மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுவர்கள் நிஜமாகவே தொட்டுக்கொள்ளும் இடம் இன்னும் சங்கடம். அங்கே சந்தின் அகலம் பூச்சியம். அதை நிரப்பியிருந்த கணக்குக் கட்டங்கள் நசுங்கி, நிரல் நின்றுவிடும். மெல்லிய இடைவெளி ஒன்றை வலிந்து விட்டுவைத்து, அதன் ஊடுருவுதிறனைக் குறைத்துக்கொண்டே போவது ஒரு வழி. நாம் தேடும் வெளிறிய பட்டை இந்தச் சங்கடமான இடத்தில்தான் இருக்கிறது. அங்கே குறுக்குவழி எடுத்த மென்பொருள் கேள்விக்கே பதில் சொல்வதில்லை.

அளவுகளின் ஏணி அடுத்த தொல்லை. ஓர் இழையின் விட்டம் மைக்ரான் கணக்கில், தாளின் தடிமன் அரை மில்லிமீட்டர், மடிப்பு சில சென்டிமீட்டர், ஃபில்டர் அறுநூறு மில்லிமீட்டர். முழு ஹெப்பா ஃபில்டரையும் ஒரு மைக்ரான் கட்டங்களாக வெட்டினால், 1-க்குப் பின் 17 பூச்சியங்கள் போட வேண்டிய எண்ணிக்கை வரும். எந்தக் கணினிக்கும் அது ஆகாத காரியம். ஆகவே ஏணியில் படிப்படியாக ஏறுவார்கள். தாளின் சிறு துண்டை எக்ஸ்-கதிர் டோமோகிராஃபியில் படமெடுத்து, இழைகளுக்கு இடையே ஓட்டத்தைத் தீர்த்து, ஊடுருவுதிறன் என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்குவார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு மடிப்பு. மடிப்பின் விடையை வைத்து முழு ஃபில்டர். ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரிலுள்ள ஃபிராவுன்ஹோஃபர் தொழில்துறைக் கணித நிறுவனம் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த இடம். அங்கிருந்து 2011-ல் தனி நிறுவனமாகப் பிரிந்த குழுவின் ஜியோடிக்ட் மென்பொருள், இழை மட்டத்து வேலைக்காகவே பெயர் பெற்றது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நசேஹி, வேக்மன் குழுவினர் மடிப்புக் கார்ட்ரிஜ்களில் தாள் நசுங்குவதையும் பரப்பு இழப்பதையும் 2000-களில் கணக்கிட்டார்கள்.

நசுங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாள் வளைவது மட்டுமன்று, தடிமனிலும் அமுங்குகிறது. 80 விழுக்காடு வெற்றிடம் உள்ள தாள் அமுங்கி 75 விழுக்காடு ஆனால், அதன் தடிமன் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மெல்லியதாகிவிட்டதே, நீர் எளிதாகப் போகும் என்று தோன்றலாம். நடப்பது எதிர்மாறு. வெற்றிடத்தின் அளவிலிருந்து ஊடுருவுதிறனைச் சொல்லும் கோசெனி–கார்மன் சூத்திரத்தின்படி, துளைகள் சுருங்கியதால் தடை சுமார் 50 விழுக்காடு கூடிவிடும். காற்றில் இந்த விளைவு பெரும்பாலும் சிறியது. நீரிலும் எண்ணெயிலும் அப்படியில்லை.

நீர் என்றதும் தென்சென்னைக்குக் கடல்நீர் ஆலைகள் இருக்கும் நெம்மேலி நினைவுக்கு வரும். 2013 பிப்ரவரியில் திறந்த நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024 பிப்ரவரியில் திறந்த 15 கோடி லிட்டர் ஆலை. அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கத்துக் குழாய்களில் வரும் தண்ணீரில் கடலுக்கும் பங்குண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில், எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வுகளுக்கு முன்னால் காவல்காரனாக 5 மைக்ரான் கார்ட்ரிஜ் ஃபில்டர்களை வைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. சவ்வுகளில் 60 பாருக்கு மேல் அழுத்தம் இருந்தாலும், காவல் ஃபில்டரின் இருபுறத்து வேறுபாடு ஒரு பார் அளவை நெருங்குமுன் மாற்றிவிடுவார்கள். ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல், நாம் முன்பு கணக்கிட்டதைப்போல 400 மடங்கு. தாங்கும் வலை இல்லாத மடிப்பு அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காது. அதனால் மடிப்புக் கார்ட்ரிஜ்களில் தாளின் இருபுறமும் பிளாஸ்டிக் வலை வைத்துச் சேர்த்து மடிப்பார்கள். புயலுக்குப் பிறகு கலங்கிய கடல்நீர் வரும் நாட்களில், வலைக்கும் தாளுக்கும் இடையே நடக்கும் இழுபறிக்கும் கார்ட்ரிஜின் ஆயுளில் பங்குண்டு.

எண்ணெயில் கதை வேறு. திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து லடாக்குக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சென்னையின் ஜனவரியில்கூட இளகியே இருக்கும் எஞ்சின் எண்ணெய், உறைபனிக் காலையில் பல மடங்கு கெட்டிப்படும். டார்சி விதிப்படி அழுத்த இழப்பும் அதே மடங்கு ஏறும். மடிப்பு நசுங்காமல் காக்க, அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொண்டு எண்ணெயை வடிகட்டாமலே விடும் பக்கவழி வால்வு இருக்கும். காற்று ஃபில்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் விநாடிக்கு 25 தடவை காற்றை உறிஞ்சும். ஒரு மணி நேர ஓட்டத்தில் 90,000 தடவை. ஃபில்டர் பெட்டியின் கொள்ளளவு அந்த அதிர்வை ஓரளவு தணிக்கும், முற்றிலும் தணிக்காது. மடிப்பு வளைந்து நிற்பது மட்டுமல்ல, சலிக்காமல் துடித்துக்கொண்டும் இருக்கிறது. மடிப்பின் முனையில் பிசின் விரிசல் விட இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி ஈரம். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டுக் காலையில் கொசுவம் வைத்தால் கத்திபோல நிற்கும், பாண்டி பஜாரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் வேர்வையில் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வண்டி ஃபில்டர் தாளிலும் பெரும்பாலும் அதே செல்லுலோஸ்தான். பிசின் அதற்குக் கஞ்சி. ஈரப்பதம் ஏறினால் காகிதத்தின் விறைப்பு கணிசமாக இறங்கும். விறைப்பு பாதியானால் வளைவு இரண்டு மடங்கு. முன்பு போட்ட கணக்கில் 0.78 என்பது 1.56 ஆகும். 2 மில்லிமீட்டர் சந்தில் இரண்டு சுவர்களும் அவ்வளவு நகர இடமில்லை, தொட்டுவிடும்.

காகிதத்தைச் சோதிக்கும் முன் 23 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 187 தரநிலை. வெப்ப மண்டல நாடுகளுக்கு 27 டிகிரி, 65 விழுக்காடு என்று மாற்று ஏற்பாடும் அதிலேயே உண்டு. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவுகளைப் பார்க்கிற எவருக்கும் தெரியும்: வடகிழக்குப் பருவத்தில் பல காலைகளில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். 65 என்ற மாற்று ஏற்பாடுகூட நமக்குப் போதாது.

ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. கடற்காற்றில் வரும் சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்ததும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் ஃபில்டர் தாளில் பகலில் உலர்ந்த பொடியாக உட்கார்ந்த உப்பு, இரவில் நீர்த்துளியாகி இழைகளுக்கு இடையே பரவும். துளை அடைபடும், தாள் நனையும், அழுத்தம் ஏறும், விறைப்பு இறங்கும். நான்கும் ஒரே திசையில் தள்ளும். மருத்துவமனையின் ஏ.எச்.யு. எனும் காற்றோட்ட இயந்திர அறையில் ஃபில்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும், அழுத்த வேறுபாட்டைக் காட்டும் வட்ட முள்மானியைப் பார்த்து, “டி.பி. ஏறிடுச்சு சார், ஃபில்டர் சோக் ஆயிடுச்சு” என்று பராமரிப்புப் பணியாளர் சொல்லும்போது, அது தூசி மட்டும்தானா, மடிப்பும் மூடிக்கொண்டதா என்று அந்த முள் பிரித்துச் சொல்லாது. தூசியென்றால் ஃபில்டரை மாற்றினால் தீரும். மடிப்பென்றால் அதே மாதிரி ஃபில்டரை மாற்றி மாற்றிப் போட்டாலும் தீராது.

இது மருத்துவமனைக் கட்டடத்தோடு முடிகிற விஷயமல்ல. 1980-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அணு ஆய்வு மையத்தில் ருடிங்கர், ரிக்கெட்ஸ் குழுவினர் ஹெப்பா ஃபில்டர்களை ஈரக் காற்றிலும் மிகை ஓட்டத்திலும் வைத்து உடையும் வரை சோதித்தார்கள். உலர்ந்த புதிய ஃபில்டர் தாங்கும் அழுத்தத்தைவிட, தூசி ஏறி நனைந்த ஃபில்டர் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே கிழிந்தது. மடிப்புகள் உப்பிப் பிதுங்கி, தாங்கு தகடுகள் தளர்ந்து, கடைசியில் மடிப்பு முனையில் தாள் பிளந்தது. விபத்து நேரத்தில் நீராவியும் தூசியும் சேர்ந்து வரும்போதுதான் அந்த ஃபில்டர் உண்மையில் தேவைப்படும். உலர்ந்த ஃபில்டரின் எண்களை நம்பி அங்கே வடிவமைப்பது சரியில்லை, அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

சென்னையில் இந்தக் கணக்கைப் போடத் தேவையானவை எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்து இறங்கியது. துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த தலைமுறை அது. அன்று அந்தக் கணினி திணறியிருக்கக்கூடிய இருபரிமாண ஒற்றை மடிப்புக் கணக்கை இன்று கல்லூரி மாணவரின் மடிக்கணினி முடித்துவிடும். ஓட்டத்துக்கு 2004 முதல் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, வளைவுக்குக் கால்குலிக்ஸ், இரண்டையும் இணைக்கப் பிரீசைஸ், அதுவும் இலவசம்தான். தட்டுப்பாடு கணினியில் இல்லை. நனைந்த தாளின் விறைப்பு எவ்வளவு என்ற எண்ணில்தான் தட்டுப்பாடு.

அதை அளக்க முடியாத ஊரா இது? சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும், 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோல் மாதிரிகளைக் குறிப்பிட்ட ஈரப்பதத்தில் வைத்து இழுத்தும் வளைத்தும் பார்ப்பது தோல் ஆய்வின் அன்றாட வேலை. அதே அறையில் ஃபில்டர் தாளையும் வைக்கலாம். 50, 65, 80, 90 விழுக்காடு ஈரப்பதங்களில், தாள் உருளும் திசையிலும் குறுக்குத் திசையிலும் தனித்தனியாக விறைப்பை அளக்க வேண்டும், ஏனென்றால் உருளும் திசையில் காகிதம் விறைப்பாகவும் குறுக்கே தளர்வாகவும் இருக்கும். ஏற்கெனவே உப்புப் படிந்த தாளில் அதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். அந்த எண்களை மாதிரியில் போட்டு ஓட்டி, பக்கவாட்டில் கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் தகடு வைத்த சிறு குழாயில் மூன்றே மடிப்புகளைப் பொருத்தி, ஈரக் காற்றைச் செலுத்தி, சுவர் எவ்வளவு நகர்கிறது என்று கேமராவில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஓர் இறுதியாண்டு மாணவர் குழு ஒரு கல்வியாண்டில் முடிக்கக்கூடிய வேலை இது. ஐப்பசியில் தொடங்கினால் ஈரக் காற்றைத் தயாரிக்கத் தனிக் கருவிகூட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் பெரும்பாலான நாட்களில் போதும்.